ஃப்ரீசர் ஜில்... பக்கத்துக் கதவு வெதுவெது! சைடு பை சைடு ஃப்ரிட்ஜ் மக்கர் செய்தால் முதலில் எதைப் பார்க்கணும்?

ஃப்ரீசர் பக்கம் ஐஸ்க்ரீம் கல் மாதிரி இருக்கிறது. பக்கத்துக் கதவைத் திறந்தால் காலையில் காய்ச்சி வைத்த பால் திரிந்துபோயிருக்கிறது. இட்லி மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகிறது. 'ஒரே ஃப்ரிட்ஜ்தானே, ஒரு பக்கம் வேலை செய்யுது, இன்னொரு பக்கம் ஏன் செய்யல?' என்பதுதான் சைடு பை சைடு ஃப்ரிட்ஜ் வாங்கியவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி.

'வீட்டுக்குள் ஒரு மெக்கானிக்' பகுதியில் இந்த வாரம் இந்த இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜைத்தான் பார்க்கப்போகிறோம். என் சொந்த ஊர் விருத்தாசலம். பீங்கானுக்குப் பெயர்போன ஊர். அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரும்கூட. ஃப்ரிட்ஜ் இரண்டு நாள் படுத்துவிட்டால் வீட்டின் தினசரிக் கணக்கே மாறிவிடும். பால், மாவு, காய்கறி போவது ஒரு பக்கம். சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இன்சுலின் கெட்டுவிடுமே என்ற பயம் இன்னொரு பக்கம்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த ஃப்ரிட்ஜில் வரும் பிரச்னைகளில் பலவற்றை ஸ்குரூ டிரைவரைத் தொடாமலேயே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும்.

கதவு இரண்டு... குளிர் பிறப்பது ஓரிடத்தில்!

பெரும்பாலான சைடு பை சைடு மாடல்களில் குளிரை உண்டாக்கும் காயில் ஒன்றுதான். அது ஃப்ரீசர் பக்கத்தின் பின்சுவருக்குள், ஒரு பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதன் அருகே ஒரு சின்ன ஃபேன். அந்த ஃபேன் குளிர்ந்த காற்றை ஃப்ரீசருக்குள் ஊதும். அதில் ஒரு பங்கு, நடுச்சுவரில் இருக்கும் ஒரு வழியாக ஃப்ரிட்ஜ் பக்கத்துக்குப் போகும். அந்த வழியில் 'டேம்பர்' என்ற சின்ன மடல் இருக்கும். ஃப்ரிட்ஜ் பக்கம் போதுமான அளவு குளிர்ந்ததும் மடல் மூடிக்கொள்ளும். சூடு ஏறினால் திறக்கும்.

அதாவது, ஃப்ரிட்ஜ் பக்கத்துக்குச் சொந்தக் குளிர் கிடையாது. ஃப்ரீசரிடமிருந்து வரும் குளிர்தான். (இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி காயில் வைத்த மாடல்களும் உண்டு. உங்களுடையது எது என்று வாங்கும்போது கொடுத்த கையேட்டில் இருக்கும்.)

இதை மனதில் வைத்துக்கொண்டால் முதல் கேள்வி எளிது. ஒரு பக்கம் மட்டும் குளிரவில்லையா, இரண்டு பக்கமுமா? ஒரு பக்கம் மட்டும் என்றால் கம்ப்ரஸர் ஓடுகிறது, குளிரும் உண்டாகிறது. காற்று எங்கோ நடுவழியில் நிற்கிறது என்று பொருள். இரண்டு பக்கமும் என்றால் குளிர் உண்டாகும் இடத்திலோ, மின்சாரத்திலோதான் கோளாறு.

கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு தெர்மாமீட்டரை (உடல் வெப்பம் பார்ப்பது அல்ல, ஃப்ரிட்ஜுக்கென்றே விற்பது) ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, ஃப்ரிட்ஜ் பக்கத்தின் நடுத்தட்டில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் 3 முதல் 5 டிகிரி செல்சியஸ் காட்டினால் உங்கள் ஃப்ரிட்ஜ் நன்றாகத்தான் இருக்கிறது. ஃப்ரீசர் பக்கம் மைனஸ் 18 டிகிரி இருக்க வேண்டும்.

ஃப்ரீசர் ஓகே, ஃப்ரிட்ஜ் பக்கம் மட்டும் சூடா?

1. காற்றுத் துளையை மறைத்திருக்கிறீர்களா? முதல் சந்தேகம் இதன் மீதுதான் விழ வேண்டும். இந்த ஃப்ரிட்ஜ் உயரம் அதிகம், ஆனால் ஒவ்வொரு பக்கமும் அகலம் குறைவு. நம் வீட்டு மாவுக் குண்டானும் குழம்புச் சட்டியும் அதற்குள் நுழைய வேண்டுமென்றால் பின்சுவரை முட்டும்வரை தள்ளித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. குளிர்காற்று வரும் துளைகள் இருப்பது அந்தப் பின்சுவரிலும் மேல்தட்டின் உள்மூலையிலும்தான். கறிவேப்பிலைக் கட்டை வைத்த பிளாஸ்டிக் கவர் ஒன்று துளையில் ஒட்டிக்கொண்டாலும் போதும், கீழ்த்தட்டுகளுக்குக் குளிர் போகாது. எல்லாவற்றையும் சுவரிலிருந்து நாலு விரல் முன்னால் இழுத்து வையுங்கள். மாவை ஒரே பெரிய குண்டானில் வைக்காமல் இரண்டு சின்ன டப்பாக்களில் பிரித்து வைப்பது இந்த வகை ஃப்ரிட்ஜுக்கு ரொம்ப நல்லது. ஒருநாள் பொறுத்து மறுபடி தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

2. ஃபேன் சுற்றுகிறதா? ஃப்ரீசர் கதவைத் திறந்ததும் பல மாடல்களில் ஃபேன் தானாக நின்றுவிடும். கதவு மூடும் இடத்தில் இருக்கும் சின்ன ஸ்விட்சை விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஃபேன் சத்தமும் முகத்தில் காற்றும் வந்தால் ஃபேன் நலம். ஸ்விட்ச் கண்ணில் படாத மாடல் என்றால், கதவை மூடிவிட்டு ஃப்ரீசரின் பின்பக்கம் காது கொடுத்துக் கேளுங்கள். கம்ப்ரஸர் ஓடும் முனகல் மட்டும் கேட்கிறது, காற்றுச் சத்தமே இல்லை என்றால் ஃபேன் மோட்டார் போயிருக்கலாம், அல்லது ஐஸில் சிக்கியிருக்கலாம்.

3. ஃப்ரீசரின் பின்சுவரில் பனி படர்ந்திருக்கிறதா? 'ஃப்ராஸ்ட் ஃப்ரீ' என்றால் பனியே பிடிக்காது என்று அர்த்தமில்லை. பனி காயிலில் பிடிக்கும். அவ்வப்போது ஒரு ஹீட்டர் தானாக எரிந்து அதை உருக்கிவிடும். அந்த ஹீட்டரோ, அதை இயக்கும் சென்சாரோ பழுதானால் பனி உருகாமல் சேர்ந்துகொண்டே போகும். காயிலைச் சுற்றி வெள்ளையாக இறுகி, காற்று புகவே வழியில்லாமல் அடைத்துவிடும். அப்போதும் ஃப்ரீசர் சில நாள் குளிராகவே இருக்கும். முதலில் அடிபடுவது ஃப்ரிட்ஜ் பக்கம்தான். ஃப்ரீசரின் உள்ளே பின்பேனலில் வெண்பனி படர்ந்திருந்தால் இதுதான் நடக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. பொருட்களைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்கோ, ஐஸ் பெட்டிக்கோ மாற்றிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் 24 மணி நேரம் திறந்தே வையுங்கள். கீழே பழைய துணியை விரித்துவிடுங்கள். தண்ணீர் நிறைய வரும். கத்தி, ஸ்குரூ டிரைவர் கொண்டு ஐஸைக் குத்தாதீர்கள். காயிலில் ஓட்டை விழுந்தால் சின்ன செலவு பெரிய செலவாகிவிடும். மறுநாள் ஆன் செய்யுங்கள்.

ஒரு வாரம், பத்து நாள் நன்றாக ஓடி மறுபடி அதே கதை என்றால் டீஃப்ராஸ்ட் ஹீட்டர் அல்லது சென்சார் கோளாறு என்பது கிட்டத்தட்ட உறுதி. மறுபடி வரவே இல்லையா? கதவு சரியாக மூடாமல் ஒருநாள் கிடந்ததால் சேர்ந்த பனியாக இருக்கும்.

4. டேம்பர். துளையில் தடையில்லை, ஃபேன் சுற்றுகிறது, பனியும் இல்லை. ஆனால் ஃப்ரிட்ஜ் பக்கத் துளையில் காற்றே வரவில்லை. அப்படியென்றால் மடல் மூடியபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் நேர்மாறாக நடக்கும்: தக்காளியும் கீரையும் உறைந்து கண்ணாடி மாதிரி ஆகும். இரண்டுக்கும் மெக்கானிக் தேவை.

'கேஸ் தீர்ந்துபோச்சு' என்றால்...

விருத்தாசலத்தில் என் சித்தி வீட்டில் நடந்தது இது. ஃப்ரீசர் நன்றாக இருந்தது, ஃப்ரிட்ஜ் பக்கம் மட்டும் குளிரவில்லை. வந்த மெக்கானிக் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "கேஸ் தீர்ந்துபோச்சுக்கா, ஏத்தணும்" என்றார். பணம் கொடுத்து ஏற்றினார்கள். வேலை முடியும்வரை ஃப்ரிட்ஜ் பல மணி நேரம் ஆஃப் ஆகிக் கதவு திறந்தே கிடந்தது. அதில் பனி உருகியதால் மறுநாள் ஜில்லென்று ஆனது. இரண்டாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடி! பிறகு வந்த இன்னொருவர் பின்பேனலைக் கழற்றிப் பார்த்தார். காயில் முழுக்கப் பனிக்கட்டி. கோளாறு கேஸில் இல்லை, டீஃப்ராஸ்ட் ஹீட்டரில்.

இங்கே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஃப்ரிட்ஜ் கேஸ், சமையல் கேஸ் சிலிண்டர் மாதிரி எரிந்து தீர்வதில்லை. அடைத்து மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸை மட்டும் ஏற்றினால், அதுவும் கொஞ்ச நாளில் போய்விடும்.

ஆகவே 'கேஸ் ஏத்தணும்' என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே கசிகிறது? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அடைத்த பிறகு எத்தனை மாதம் உத்தரவாதம்? கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால், ஒரே காயில் வைத்த மாடலில் ஃப்ரீசரும் தடுமாறும். ஐஸ்க்ரீம் கல்லாக இருக்கும்போது கேஸ் மீது பழி போடுவதற்கு முன், பனியையும் ஃபேனையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பாதுகாப்புக்காகவும் இது முக்கியம். இப்போது வரும் பல ஃப்ரிட்ஜ்களில் ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன் கேஸ்தான் இருக்கிறது. ஓசோன் படலத்துக்குக் கேடில்லாதது, புவி வெப்பமாவதற்கும் பெரிதாகக் காரணமாகாதது. ஆனால், தீப்பற்றக்கூடியது. உள்ளே இருப்பது சில பத்து கிராம்தான் என்பதால் சாதாரணமாக ஆபத்தில்லை. அடைத்த அறையில் குழாயை வெட்டிப் பற்றவைக்கும்போதுதான் ஆபத்து. உங்கள் ஃப்ரிட்ஜில் எந்த கேஸ் என்று உள்பக்கமோ பின்பக்கமோ ஒட்டியுள்ள லேபிளில் இருக்கும். அந்த கேஸில் பழகியவரை மட்டும் அழையுங்கள். வேலை நடக்கும்போது ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அடுப்பை அணைத்துவிடுங்கள்.

இரண்டு பக்கமும் குளிரவில்லையா?

உள்ளே லைட் எரிகிறது, கதவில் டிஸ்ப்ளேவும் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் கம்ப்ரஸர் சத்தமே இல்லை. புதிதாக வாங்கியதா? வீட்டில் குட்டிப் பசங்க இருக்கிறார்களா? அப்படியென்றால் 'டெமோ மோட்' ஆன் ஆகியிருக்கலாம். ஷோரூமில் காட்சிக்கு வைக்கும்போது குளிர் இல்லாமல் லைட் மட்டும் எரிவதற்கான வசதி இது. டிஸ்ப்ளேவில் இரண்டு பட்டன்களைச் சேர்த்துச் சில விநாடி அழுத்தினால் ஆன் ஆகிவிடும் மாடல்கள் இருக்கின்றன. எப்படி அணைப்பது என்று கையேட்டில் இருக்கும். மெக்கானிக் வந்து பட்டனை அழுத்திவிட்டுப் போவதற்கு விசிட் சார்ஜ் கொடுக்க வேண்டாமே!

அது இல்லையென்றால் ஃப்ரிட்ஜ் நிற்கும் இடத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சூட்டை வாரி வெளியே கொட்டுவதுதான் ஃப்ரிட்ஜின் வேலை. கொட்ட இடம் வேண்டும். பக்கவாட்டிலும் பின்னாலும் குறைந்தது 5 செ.மீ., மேலே அதைவிடக் கூடுதலாக இடைவெளி இருக்கட்டும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். அலமாரிக்குள் இறுக்கிச் செருகியிருந்தாலோ, மேற்குப் பார்த்த ஜன்னல் வெயில் நேராக விழுந்தாலோ, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாலோ கோடையில் திணறும்.

லேபிளில் 'கிளைமேட் கிளாஸ்' என்று ஒரு எழுத்து இருக்கும். 'டி' என்றால் 43 டிகிரி வரையான சூழலுக்கு ஏற்றது. 'எஸ்டி' என்றால் 38 வரை. 'என்' என்றால் 32 வரைதான். நம் ஊருக்கு 'டி' வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த ஃப்ரிட்ஜையோ, செகண்ட் ஹேண்டையோ வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பின்பக்கக் கீழ்ப்பகுதியில் காற்றுப்போக்கிக் கிரில் உள்ள மாடல்களில் அங்கே தூசி அடைந்துவிடும். பீங்கான் பட்டறை, செங்கல் சூளை, மெயின் ரோடு ஓரம் வீடு இருப்பவர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

கதவை ஒரு நோட்டை வைத்துச் சோதியுங்கள்

பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஆயிரம் டிகிரிக்கு மேல் சுடும் சூளையில் வாசலை அடைத்த இடத்தில் இடுக்கு இருந்தால் விறகும் வீண், உள்ளே அடுக்கியதும் வீண். ஃப்ரிட்ஜும் அப்படித்தான். அங்கே சூடு வெளியே போகக் கூடாது. இங்கே சூடு உள்ளே வரக் கூடாது.

ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துக் கதவை மூடுங்கள். நோட்டை இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் பிடிக்கவில்லை. கதவைச் சுற்றி ஏழெட்டு இடத்தில் இப்படிப் பாருங்கள். பல நேரம் காரணம் அழுக்குதான்: மாவு வழிந்து காய்ந்தது, ஊறுகாய் எண்ணெய், ஜூஸ் கறை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே சரியாகும். மடங்கிப்போன கேஸ்கெட்டை ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் காட்டி நீவிவிடலாம். கிழிந்திருந்தால் மாற்றுவதுதான் வழி.

இரண்டு கதவும் ஒரே உயரத்தில் இல்லையா? முன்பக்கக் கால்களைத் திருகிச் சரிசெய்யலாம். பின்பக்கத்தைவிட முன்பக்கம் ஒரு துளி உயர்ந்திருந்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். போனில் உள்ள ஸ்பிரிட் லெவல் ஆப்பை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கதவுத் தட்டுகளில் இரண்டு லிட்டர் பாட்டில்களாக அடுக்கினால் கதவு தொங்கத்தான் செய்யும்.

ஒரு எச்சரிக்கை: இந்த ஃப்ரிட்ஜ்கள் காலியாக இருக்கும்போதே 100 கிலோவைத் தொடுபவை. தனியாளாக நகர்த்தாதீர்கள். அந்தப் பாரம் முழுக்க நாலு சின்னக் கால்களில் இறங்குகிறது. தரை டைலைத் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வந்தால் கீழே சிமென்ட் நிரம்பவில்லை. அந்த இடத்தில் கால் ஊன்றினால் டைல் விரிசல் விடும், ஃப்ரிட்ஜும் சாயும்.

தண்ணீர் ஒழுகினால்...

பனி உருகிய தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாக இறங்கி, கம்ப்ரஸர் அருகே உள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். குழாயில் அழுக்கோ ஐஸோ அடைத்தால் தண்ணீர் ஃப்ரீசர் தரையில் பலகை மாதிரி உறையும், பிறகு கதவு வழியாக வெளியே வரும். ஃப்ரிட்ஜை அணைத்து, ஐஸ் இளகியதும், துளை கண்ணில் பட்டால் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பெரும்பாலும் வழிவிட்டுவிடும். துளை பேனலுக்குப் பின்னால் இருந்தால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்

* பக்கச் சுவர் சூடாக இருக்கிறதா? சூட்டை வெளியேற்றும் குழாய்கள் பல மாடல்களில் அந்தத் தகட்டுக்குள்தான் ஓடுகின்றன. வெயில் காலத்தில் கை வைத்தால் நன்றாகவே சுடும்.
* இரண்டு கதவுக்கும் நடுவே உள்ள சட்டம் வெதுவெதுப்பாக இருப்பதும் இயல்பு. அங்கே வியர்க்காமல் இருக்க வேண்டுமென்றே சூடாக வைக்கிறார்கள். கார்த்திகை மார்கழி மழையில் அப்படியும் கொஞ்சம் வியர்த்தால் துடைத்துவிடுங்கள்.
* 'டப்' என்ற சத்தம் உள் பிளாஸ்டிக் சுருங்கி விரிவது. 'களக் களக்' என்பது குழாயில் கேஸ் ஓடுவது. 'கடகட' என்று விடாமல் வந்தால் மட்டும் கவனியுங்கள்; ஃபேன் இறக்கை ஐஸில் உரசலாம்.
* இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மெதுவான வேகத்தில் ஓடுவதுதான் அதன் சிக்கனம்.

கதவில் தண்ணீர், ஐஸ் வரும் வசதி உள்ளவர்களுக்கு: வரவில்லை என்றால் முதலில் 'சைல்டு லாக்' பாருங்கள். அடுத்து ஃபில்டர். வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரை நேரடியாகக் கொடுத்தால் அதற்கு முன்பே அடைத்துவிடும். புதிதாக இணைத்தால் ஐஸ் வர ஒருநாள் ஆகும். முதலில் வரும் ஐஸைக் கொட்டிவிடுங்கள்.

வெள்ளைப் பீங்கானும் வோல்டேஜும்

மின்சாரப் பீங்கான் பொருட்கள் செய்வது விருத்தாசலத்தின் பழைய தொழில்களில் ஒன்று. 'கிட்கேட்' என்று எலெக்ட்ரீஷியன்கள் சொல்லும் வெள்ளை ஃபியூஸ் கட்டையும் அந்த வகைதான். பழைய வீடுகளில் மெயின் போர்டில் இப்போதும் அது இருக்கிறது. அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று, கிடைத்த ஒயரை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். ஃபியூஸ் கம்பி மெல்லியதாக இருப்பதே, தாங்க முடியாத கரன்ட் வந்தால் தான் உருகி வீட்டைக் காப்பாற்றத்தான். தடித்த ஒயரைப் போட்டால், ஃபியூஸுக்குப் பதில் ஃப்ரிட்ஜின் போர்டோ சுவருக்குள் இருக்கும் ஒயரோ எரியும்.

ஃப்ரிட்ஜுக்கு எர்த் உள்ள தனி பிளக் பாயின்ட் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மிக்ஸியோடு சேர்த்துச் செருகாதீர்கள். கதவைத் தொட்டால் லேசாக 'சுர்' என்கிறதா? 'ஈரக் கை, அதான்' என்று விடாதீர்கள். உடனே பிளக்கைப் பிடுங்கி, எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பக்கத்திலேயே நெய்வேலியில் மின்சாரம் தயாரானாலும், கோடை இரவில் தெருவே ஏ.சி போடும்போது கடைசி வீட்டில் வோல்டேஜ் இறங்கலாம். உங்கள் மாடல் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று லேபிளில் பாருங்கள். அதைவிடக் கீழே போகும் வீட்டுக்கு ஸ்டெபிலைசர் தேவை. சாதாரண கம்ப்ரஸர் என்றால், கரன்ட் போய் வந்ததும் ஐந்து நிமிடம் கழித்து ஆன் செய்வது நல்லது.

புயல், மழை, நீண்ட பவர்கட்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. 2024-ல் ஃபெஞ்சல் புயல் மழை வீடுகளுக்குள் வெள்ளத்தைக் கொண்டுவந்தது. ஆக, இந்தக் கணக்கு நம் மாவட்டத்துக்காரர்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் ஃப்ரிட்ஜ் பக்கம் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். நம் வெயிலில் இதைவிடக் குறைவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததுமே பாட்டில்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் அடுக்கிவிட்டால் அதுவே ஐஸ் பெட்டி ஆகிவிடும். சூடேறிக் கிடந்த மீன், கறி, பால், சமைத்த சாதம் எதையும் 'வாசனை நல்லாத்தானே இருக்கு' என்று நம்பிச் சாப்பிடாதீர்கள். நோய் தரும் கிருமிகள் எல்லாம் வாசனையை மாற்றுவதில்லை.

வெள்ளத்தில் நின்ற ஃப்ரிட்ஜை, வெளியே காய்ந்துவிட்டது என்பதற்காக ஆன் செய்யவே கூடாது. எலெக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான்.

இன்சுலின் வைத்திருக்கிறீர்களா? திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூட்டைப் போலவே உறைவதும் அதைக் கெடுத்துவிடும். சைடு பை சைடு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் காற்று நேராக வந்து விழும் மேல்தட்டின் உள்மூலை இதற்கு ஆகாத இடம். நடுத்தட்டின் முன்பக்கத்தில் ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினை, உருகினாலும் பயன்படுத்தக் கூடாது.

கரன்ட் இல்லாத நாளில் நம் மண்பானை கைகொடுக்கும். ஈரமான பானைக்குள், தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு நிழலில் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிரும். பளபளவென்று மெருகு பூசிய பீங்கான் ஜாடியில் இது நடக்காது. அதில் துளையே இல்லையே! பானை ஃப்ரிட்ஜுக்கு ஈடாகாது. நிழலில் வைத்துச் சமாளிக்கத்தான். அந்த மருந்தைத் தொடர்ந்து போடலாமா என்று டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

நீங்களே தொடக் கூடாதவை

கம்ப்ரஸர், கேஸ் குழாய், பின்பக்க போர்டு, ஹீட்டர் ஒயர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் போர்டில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். யூடியூப் பார்த்து இதில் இறங்க வேண்டாம்.

மெக்கானிக்குக்கு போன் போடும் முன்...

இந்த ஆறு விஷயத்தை ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள்:

1. மாடல் எண், வாங்கிய தேதி. கம்ப்ரஸருக்குத் தனியாக நீண்ட வாரன்டி இருக்கிறதா என்று பில்லோடு வந்த அட்டையில் பாருங்கள்.
2. ஒரு பக்கம் மட்டும் குளிரவில்லையா, இரண்டுமா?
3. தெர்மாமீட்டர் காட்டிய எண்.
4. ஃபேன் சத்தம் வருகிறதா?
5. ஃப்ரீசர் பின்சுவரில் பனி இருக்கிறதா? ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
6. 24 மணி நேரம் அணைத்து வைத்த பிறகு எத்தனை நாள் சரியாக ஓடியது?

இந்த ஆறையும் சொன்னால், நல்ல மெக்கானிக் தேவையான பாகத்தோடு வருவார். ஒரே விசிட்டில் வேலை முடியும். கேஸ் ஏற்றிவிட்டுப் போக நினைப்பவரோ, எதிரில் இருப்பவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொள்வார்.

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் இதில் சொல்லாத வகையில் மக்கர் செய்கிறதா? மாடல் எண்ணோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம், துணியைப் பிழியாமல் அடம்பிடிக்கும் வாஷிங் மெஷினைப் பார்ப்போம்!